பேண்டேஜ் துணிக்கு ஸ்பானிஷில் இரண்டு பெயர்

இந்தப் பயணத்தில் கடல் தாண்டியது நானல்ல. ஈக்வடாரிலிருந்து பிலார் வந்தார். நான் சென்னையில் அவரோடு ரயிலேறி ராஜபாளையம் வரை போனேன். பல ஆண்டுகள் நாளிதழில் பிறர் எழுதியதைத் திருத்திய பிறகு, இப்போது பிறர் பேசுவதை ஸ்பானிஷுக்கும் தமிழுக்கும் இடையே மாற்றிக் கொடுக்கிறேன். வேலையில் பெரிய மாற்றம் இல்லை. இதிலும் சொந்தக் கருத்துக்கு இடம் கிடையாது.

பிலார் ஐம்பதைக் கடந்தவர். குட்டையான உருவம், குட்டையான முடி, நடுவிரலில் ஒரு கறுப்பு மோதிரம். தன் நாட்டு மருத்துவமனைகளுக்குத் துணியும் பஞ்சும் வாங்கித் தரும் நிறுவனத்துக்காகச் சரக்கைச் சோதிப்பவர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு கப்பலேறும். சோதிக்க வேண்டிய சரக்கு ராஜபாளையத்தில் வேல்ச்சாமியின் பேண்டேஜ் துணிப் பட்டறையில் காத்திருந்தது.

வேல்ச்சாமி மகாராஜபுரத்துக்காரர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இதுவரை அவர் மடித்துக் கொடுத்த துணியெல்லாம் பெரிய வியாபாரி ஒருவரின் பெயரில்தான் வெளியே போனது. சொந்தப் பெயர் அச்சிட்ட பெட்டியில் போகும் முதல் சரக்கு இது.

அதுவும் தொடக்கத்திலேயே தடுமாறியது. ராஜபாளையத்தில் புண்ணின் மேல் வைக்கும் சதுரத் துணியும் பேண்டேஜ் துணிதான், சுற்றிக் கட்டும் சுருளும் பேண்டேஜ் துணிதான். ஸ்பானிஷில் முன்னது காஸா, பின்னது பெந்தா. இரு தரப்பும் ஆங்கிலத்தில் கடிதம் எழுதி, அதை இயந்திரத்தால் மாற்றிப் படித்தார்கள். அவர்கள் சதுரத்தைக் கேட்டார்கள், இவர் சுருளை மாதிரியாக அனுப்பினார். அந்தப் பார்சல் போய்ச் சேர்ந்த பிறகுதான் ஒரு மனித மொழிபெயர்ப்பாளரைத் தேடினார்கள்.

ரயிலில் பிலார் கேட்ட முதல் கேள்வி, ராஜபாளையம் தெரியுமா என்பது. எங்கே இருக்கிறது, என்ன விளைகிறது என்று தெரிந்திருப்பது சாபேர். போய்ப் பழகித் தெரிந்திருப்பது கோனோசேர். ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. தமிழிலும் நாம் 'தெரியும்' என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். "முதல் வகையில் தெரியும், இரண்டாம் வகையில் தெரியாது" என்றேன். அவர் சிரிக்கவில்லை, தலையசைத்தார். சரியான பதிலுக்கு மதிப்பெண் போடுகிறவரின் தலையசைப்பு.

சனிக்கிழமை காலையில் வேல்ச்சாமி நிலையத்துக்கு வந்திருந்தார். முதுகு வளையாமல் நின்றார். நேராக ஓர் இட்லிக் கடைக்கு அழைத்துப் போனார். நான் கை கழுவப் போன நேரத்தில் விபத்து நடந்துவிட்டது. சிவப்புச் சட்னியைக் காட்டி, "ஹாட் மேடம், வெரி ஹாட்" என்று அவர் எச்சரித்திருக்கிறார். கையிலிருந்த செல்போன் அதை 'காலியெந்தே' என்று மாற்றிச் சொல்லியிருக்கிறது. காலியெந்தே என்றால் சூடு. காரத்துக்குப் பிகாந்தே. நான் திரும்பி வந்தபோது பிலார் சட்னியை அக்கறையாக ஊதிக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு கரண்டி உள்ளே போய்விட்டது.

"ஏலே, இங்க பாரு! அவிய சட்னிய ஊதி ஊதித் திங்குறாக" என்றார் பரிமாறியவர். கண்ணீர் வழிவதைப் பார்த்ததும், "ஆத்தாடி, சீனி எடுத்துட்டு வா!" என்று உள்ளே ஓடினார்.

சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டு பிலார் என்னிடம் அமைதியாகச் சொன்னார்: "இனி நான் சாப்பிடும்போது நீங்கள் கை கழுவப் போகக் கூடாது."

பட்டறை ஊரின் ஓரத்தில் இருக்கிறது. "அந்த முக்குல திரும்புனா நம்ம இடந்தான்" என்றார் வேல்ச்சாமி. உள்ளே போனதும், "எல்லாப் பெட்டியும் அந்தா அந்த மூலையில அடுக்கியிருக்கு" என்றார். தெருவில் திரும்பும் வெளிமுனை ஸ்பானிஷில் எஸ்கினா. இரண்டு சுவர் சேரும் உள்மடக்கு ரிங்கோன். ஸ்பானிஷ் படிக்கிறவர்கள் ஆங்கிலம் வழியாகப் போய் இந்த இரண்டிலும் வழுக்குவது வழக்கம். நானும் ஒருகாலத்தில் ஒருவரைச் சுவர் மூலையில் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். முக்கு வேறு, மூலை வேறு என்று இந்த ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தைக் கடக்காமல் நேராக மொழிபெயர்க்க முடிந்த முதல் இரண்டு வாக்கியங்கள் அவை.

கூடத்தில் நீள மேசைகள். பெண்கள் நின்றபடி துணியை மடித்தார்கள். நூல் பிரியும் ஓரம் உள்ளே போக வேண்டும், வெளியே ஓர் இழைகூடத் தெரியக் கூடாது. பேசிக்கொண்டே மடித்தார்கள், பேச்சு மடிப்பைத் தொந்தரவு செய்யவில்லை. மேற்பார்வை பேச்சியம்மாள். அவர் பிலாரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தொலவுலருந்து ஒத்தையில வந்திருக்காகளே, வீட்ல சோறு பொங்க ஆள் இருக்கா?" என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். "நான் இல்லாதபோது என் கணவர் நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று பதில் வந்தது. அதையும் மொழிபெயர்த்தேன். மேசைகளில் சிரிப்பு ஓடி முடிய நேரமாயிற்று.

சோதனை திங்கட்கிழமை என்று முடிவாகியிருந்தது. பெட்டிகள் வெள்ளிக்கிழமையே ஒட்டப்பட்டுவிட்டன. திங்கள் மாலை தூத்துக்குடிக்கு வண்டி. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருந்தது. வேல்ச்சாமி எங்களை ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப்போகிறேன் என்றார். கார் பாதி வழியில் நின்றது. அவர் மூடியைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார். "பெல்ட்டு போச்சு" என்றார். கையைக் காட்டி நிறுத்திய டவுன் பஸ்ஸில் ஏறினோம்.

பிலாருக்கு ஜன்னல் சீட் கொடுத்து எழுந்து நின்றுகொண்ட பெண் ஒருவர் என்னிடம் விசாரித்தார். "எந்த ஊருக்காரவுக?"

"தென் அமெரிக்கா."

"அங்கிட்டு மழை உண்டா?"

கேட்டுச் சொன்னேன். பிலாரின் ஊர் மலையில் இருக்கிறது, பெரும்பாலான பிற்பகல்களில் மழை பெய்யும்.

"குடுத்து வச்ச ஊரு" என்றார் அந்தப் பெண். பிறகு தோளிலிருந்த பையைத் திறந்து ஒரு சப்பட்டை மாம்பழத்தை எடுத்து பிலாரின் கையில் வைத்தார். தோல் பச்சையாக இருந்ததால் பிலார் தயங்கினார். காய் என்று நினைத்துவிட்டார்; அந்த ரகம் பழுத்தாலும் பச்சைதான். பச்சை நிறம் கொண்டது என்பதற்கு ஒரு வினை, இன்னும் பழுக்காத நிலையில் இருக்கிறது என்பதற்கு வேறு வினை. ஸ்பானிஷில் இரண்டையும் பிரித்துச் சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்தார். அன்று மாலை அறையில் அதைத் தோலோடு தின்றதாக மறுநாள் சொன்னார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் பால்கோவா வாங்கினோம். வேல்ச்சாமியின் ஒழுங்குமுறை அது. கடையில் வாழையிலைத் துண்டில் சூடாக வைத்துக் கொடுத்தார்கள். பிலாரின் நாட்டிலும் பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சுகிறார்கள். ஆனால் அது இழுபடும், இது உதிரும். எது நல்லது என்று கடைக்காரர் கேட்டார். பிலார் இலையை வழித்து முடித்துவிட்டு, "நான் சோதனைக்கு வந்தவள், போட்டிக்கு வந்தவளல்ல" என்றார். கடைக்காரருக்கு அது தன் வெற்றியாகப் பட்டது. இன்னொரு துண்டு வைத்தார்.

கோவிலின் வெளிப் பிராகாரத்தில் வேல்ச்சாமி ஆண்டாள் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஆண்டாள் தான் சூடிப் பார்த்த மாலையைப் பெருமாளுக்கு அனுப்பினாள், அவரும் அதைத்தான் விரும்பினார். ஆர்வத்தில் எனக்காகக் காத்திராமல் செல்போனிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் அணிந்ததற்கும் நைந்ததற்கும் ஒரே சொல். செல்போன் நைந்ததைத் தேர்ந்தெடுத்தது. பிலார் முகம் சுருக்கி என்னைப் பார்த்தார். "கடவுளுக்குக் கிழிந்த மாலையா கொடுக்கிறார்கள்?"

திருத்தினேன். ஒருத்தி கழுத்தில் இருந்த மாலை. அதனாலேயே உயர்ந்த மாலை. பிலார் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "என் தொழிலில் நேர் எதிர். யார் கையாவது பட்டது தெரிந்தால் போதும், தள்ளிவிடுவேன்" என்றார். பிலார் என்ன சொல்கிறார் என்று வேல்ச்சாமி கேட்டார். சொன்னேன். "கைபடாம எப்படி மேடம் மடிக்கிறது?" என்று அவர் சிரித்தார்.

திங்கட்கிழமை காலையில் சோதனை தொடங்கியது. பிலார் வெள்ளை மேலங்கியும் தலைக்குத் துணித்தொப்பியும் அணிந்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார். அடுக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெட்டிகளைத் தொட்டுக் காட்ட, ஆட்கள் இறக்கிப் பிரித்தார்கள். இழைகளை எண்ணினார், தண்ணீரில் போட்டு மூழ்கும் வேகத்தைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. வேல்ச்சாமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

நடு அடுக்கிலிருந்து வந்த ஒரு பெட்டியைப் பிரித்தபோது, மேல் உறையின் மீது ஒரு வெற்றிலை இருந்தது. அதற்குள் ஒரு விரலி மஞ்சள். இலை வாடிக் கறுத்திருந்தது. ஈரம் உறைக்குள் இறங்கி, மேல் துணியில் மஞ்சளாக ஒரு வட்டம்.

கூடத்தில் மடிப்பு நின்றது.

"சின்ன மார்க்குதான மேடம்? அதச் சொல்லுங்க" என்றார் வேல்ச்சாமி என்னிடம். 'மார்க்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லை ஸ்பானிஷில் இரண்டு விதமாகக் கொண்டுபோகலாம். வேண்டுமென்று இட்ட அடையாளம் என்றால் மார்கா, படிந்த கறை என்றால் மாஞ்சா. அவருக்கு எது உதவும் என்று எனக்குத் தெரியும். துணியில் இருந்தது கறை. கறை என்றே சொன்னேன்.

"மஞ்சள் கிருமிநாசினிதானேன்னு சொல்லுங்க."

அதைச் சொல்ல எனக்குத் தடையில்லை, அது அவருடைய பேச்சு. சொன்னேன். பிலார் நிமிர்ந்தார். "அப்படியானால் எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கிறாரா?"

வேல்ச்சாமியின் முகத்தில் வியர்வை வந்தது. "இல்ல, இல்ல. அது வேண்டாம். அத விட்ருங்க" என்றார்.

பேச்சியம்மாள் முன்னால் வந்தார். "நாந்தான் வச்சேன். நம்ம பேர்ல போற மொத சரக்கு. வெறும் பெட்டியாவா அனுப்புறது? குளிச்சு முழுகிட்டு, சுத்தமாத்தான் வச்சேன்."

சுத்தம் என்ற ஒரு சொல்லை மூன்று விதமாகப் பெயர்த்து, எது அவருடையது என்று விளக்க வேண்டியிருந்தது. பிலார் பொறுமையாகக் கேட்டார். கோபம் இல்லை. ஆனால் அவர் சொன்னது கடினமாக இருந்தது. இலை, வேர், விதை என்று செடியின் எந்தத் துண்டு உள்ளே இருந்தாலும் அவர்கள் துறைமுகம் மொத்தச் சரக்கையும் திருப்பிவிடும். எத்தனை பெட்டியில் இருக்கிறது?

"ஒண்ணுலதான்" என்றார் பேச்சியம்மாள். "ஆண்டாள் மேல சத்தியமா."

"இவருக்கு அது தெரியுமா, அல்லது அப்படி நம்புகிறாரா?" என்று பிலார் கேட்டார். நான் கேட்டேன். பேச்சியம்மாள் வாயைத் திறந்தார், மேசைகளின் பக்கம் திரும்பிப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

பிலார் தன் நிபந்தனையைச் சொன்னார். வைத்தவர்கள் எல்லாரும் இப்போதே பெட்டியைக் காட்டினால், அவற்றை மட்டும் ஒதுக்குவார். மீதியில் தான் விரும்பிய பெட்டிகளைப் பிரிப்பார். அதில் சொல்லாத ஒன்று கிடைத்தாலும் சரக்கு முழுவதும் இங்கேயே நிற்கும்.

வேல்ச்சாமிக்கு ராணுவம் திரும்ப வந்தது. "எவ வச்சா? இப்பவே சொல்லணும்! அறிவு இருக்கா உங்களுக்கு? ஆஸ்பத்திரிக்குப் போற சாமான்ல எலையவும் தழையவும் வைக்கதுக்கா சம்பளம்? எவளா இருந்தாலும் நாளைக்கு இந்தப் பக்கம் வரப்படாது!"

அதன் பிறகு யார் பேசுவார்கள்? எல்லாரும் மேசையைப் பார்த்தார்கள். பிலாருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. "அவரைச் செத்த நேரம் வெளியே நிற்கச் சொல்லுங்கள்" என்பதற்கு இணையாக ஒன்று சொன்னார். வேல்ச்சாமி வாசலுக்குப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள்தான் ஆரம்பித்தார். "ஏட்டி மாரி. வாயில என்ன கொழுக்கட்டையா? வச்சிருந்தா சொல்லித் தொலை."

மாரி இளம்பெண், இடுப்பில் கைக்குழந்தை இருந்தால் பொருத்தமாக இருக்கும் வயது. "நீங்க மட்டும் வச்சீக, எங்க மேசைக்கு வேணாமா?" என்றாள் முதலில். பிறகு குரல் இறங்கியது. "ஆண்டாள் கோவில் துளசி. ஒரு கொத்துதான். கீழ வரிசை, சுவத்துப் பக்கம்."

"எனக்குச் சொல்லிருந்தா நான் தடுத்திருப்பேன்ல" என்றார் பேச்சியம்மாள்.

"நீங்க எனக்குச் சொன்னீகளாக்கும்?"

பின்னால் நின்ற காமாட்சி என்ற பெண், தன்னுடையதும் ஒன்று என்றார். சாமந்திப்பூ. இரண்டு பெட்டிகளும் வந்தன, பிரித்தார்கள், சொன்னது சொன்ன இடத்தில் இருந்தது. வேறு யாராவது? யாருமில்லை என்றார்கள். பிலார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு, பிரிக்க வேண்டிய பெட்டிகளைத் தேர்ந்தெடுக்க அடுக்கின் பக்கம் திரும்பினார்.

"மேடம்."

வேல்ச்சாமி வாசலில் இந்தப் பக்கம் திரும்பி நின்றார். உள்ளே வரவில்லை.

"இன்னொண்ணு இருக்கு. அது என்னுது."

பெண்கள் பக்கம் பார்க்காமல் என்னிடம் மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமை எல்லாரும் போன பிறகு, கடைசிப் பெட்டியை அவரே ஒட்டியிருக்கிறார். உள்ளே மகாராஜபுரத்தில் அவர்கள் கோவில் திருநீறு, ஒரு காகிதப் பொட்டலம். வேப்பிலையில் சுற்றி.

அடுக்கில் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. பிலார் பிரிக்கப்போவது அதில் ஒரு சிறு பங்கு. வேல்ச்சாமியின் பெட்டி அகப்படாமல் போகவே வாய்ப்பு அதிகம். அது அவருக்கும் தெரிந்திருக்கும். முழுவதையும் மொழிபெயர்த்தேன். "ஏன் இப்போது சொல்கிறார் என்று கேளுங்கள்" என்றார் பிலார்.

"அந்தப் பிள்ளைகளையே வரப்படாதுன்னுட்டேன்" என்றார் வேல்ச்சாமி. "பொறவு நான் எப்படி இங்க நிக்க?"

மேசைகளின் பக்கமிருந்து பேச்சியம்மாளின் குரல் வந்தது. "அப்ப நாளைலருந்து அண்ணாச்சியும் இந்தப் பக்கம் வரப்படாது. நாம மட்டும் பட்டறையப் பாத்துக்குவோம்டி." மாரி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். மூடியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. வேல்ச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டே, "வந்து வேலையப் பாருங்க, எல்லாரும் வாங்க" என்றார்.

பிலார் அந்தப் பெட்டியையும் ஒதுக்கினார். வழக்கத்தைவிட அதிகமான பெட்டிகளைப் பிரித்தார், பிற்பகல் வரை பிரித்தார். எதிலும் ஒன்றுமில்லை. ஒதுக்கிய நான்கையும் வேறு சரக்கில் சேர்க்கக் கூடாது என்று, தன் கண்முன்னே துணிகளைக் குறுக்கே வெட்டச் சொன்னார். அவரவர் பெட்டியில் இருந்ததை அவரவர் வெட்டினார்கள். துளசியை மாரி எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள். பிறகு பிலார் கையெழுத்துப் போட்டார். வேல்ச்சாமி அதைத் தலைகீழாகவே படிக்க முயன்றார்.

வெயில் தாழ்ந்ததும் தூத்துக்குடி வண்டி வந்தது. ஏற்றி முடித்துக் கதவைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். ஓட்டுநர் இறங்கி வந்து வேல்ச்சாமியின் முகத்தைப் பார்த்தார். ஓட்டுநரின் கையில் எலுமிச்சம்பழங்கள் இருந்தன. வழக்கமாகச் சக்கரத்துக்கு அடியில் வைப்பவை. வேல்ச்சாமி அவற்றை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"மேடம், அவுககிட்டக் கேளுங்க. இத வைக்கலாமா?"

கேட்பதற்கும் ஸ்பானிஷில் இரண்டு சொற்கள். தகவல் வேண்டிக் கேட்பது ஒன்று, அனுமதி வேண்டிக் கேட்பது ஒன்று. தன் இடத்தில், தன் சரக்கை ஏற்றிய வண்டியின் முன்னால் அவர் எதைச் செய்கிறார் என்று நான் யோசித்தேன். முகத்தைப் பார்த்து, இரண்டாவதையே சொன்னேன்.

பிலார் வண்டியைச் சுற்றி நடந்தார். முத்திரையை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து டயர்களைப் பார்த்தார்.

"சக்கரம் என் பொறுப்பில் இல்லை" என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வேல்ச்சாமி தரையில் மண்டியிட்டிருந்தார்.